கல்யாண டிவிடியில் பூட்டு இல்லை: வீட்டு வட்டுகளைக் கணினிக்கு மாற்றும் முறை

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 2000-க்குப் பிந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நடந்த கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு ஆகியவற்றின் வீடியோக்கள் பெரும்பாலும் விசிடியிலோ டிவிடியிலோதான் இருக்கின்றன. புதிய மடிக்கணினிகளில் வட்டு போடும் டிரைவ் இல்லை. வீட்டு டிவிடி பிளேயரும் எப்போதோ பழுதாகிவிட்டது. யாரிடமோ ஒரு டிரைவை இரவல் வாங்கி, வட்டைப் போட்டு, கோப்புகளை நகலெடுக்கத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. உடனே, “ஸ்டுடியோக்காரர் லாக் போட்டுக் கொடுத்திருக்கிறார்” என்று முடிவுகட்டிவிட்டு, அந்தப் பூட்டை எடுக்கும் மென்பொருள் எது என்று கேட்கிறார்கள். என்னிடம் இப்படிக் கேட்டு வந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது, உள்ளூர் ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்த வட்டில் திரைப்பட டிவிடியில் இருப்பதுபோன்ற பூட்டு இருக்க வழியில்லை என்பதைத்தான். அந்த வட்டுக்குத் தேவைப்படுவது சேதமான இடங்களைப் பொறுமையாகப் படித்தெடுக்கும் மென்பொருளே. வேறுபாடு தெரியாமல் பூட்டு உடைக்கும் நிரல்களைக் கண்ட தளங்களிலிருந்தெல்லாம் இறக்கிப் போடுபவர்களின் கணினிக்குள் வேண்டாதவை புகுந்துவிடுகின்றன. வட்டோ, திரும்பத் திரும்பச் சுழன்று மேலும் நலிகிறது.

பூட்டு என்பது என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். டிவிடி 1996-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. படத் தயாரிப்பு நிறுவனங்கள் தங்கள் படங்களை எளிதில் நகலெடுக்க விடாமல் தடுப்பதற்காக, ‘சிஎஸ்எஸ்’ எனப்படும் மறையாக்க முறை அதனுடன் சேர்த்தே கொண்டுவரப்பட்டது. இதில் படத்தின் தரவு 40 பிட் சாவியைக் கொண்டு கலைத்து எழுதப்பட்டிருக்கும். சாவிகளில் முக்கியமானவை, வட்டின் நடுத்துளையை ஒட்டிய தொடக்கப் பகுதியில், கோப்பு எதற்குள்ளும் தெரியாதபடி, தொழிற்சாலையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பிளேயரும் டிரைவும் ஒன்றை ஒன்று சரிபார்த்துக்கொண்ட பிறகே சாவி வெளியே கொடுக்கப்படும். 1999-இல் இந்த முறை உடைக்கப்பட்டது. அது தொடர்பாக வழக்குத் தொடரப்பட்ட நார்வே நாட்டு இளைஞர் ஜான் லெக் யோஹான்சன் 2003-இல் விடுதலை செய்யப்பட்டார். ப்ளூ-ரே வட்டுகளில் இதைவிட வலுவான, 128 பிட் சாவி கொண்ட ‘ஏஏசிஎஸ்’ முறை உள்ளது. சில நிறுவனங்கள் மறையாக்கத்தோடு நில்லாமல், நகலெடுக்கும் மென்பொருள் தடுமாறி நிற்கட்டும் என்பதற்காக, படம் ஓடும்போது தொடப்படாத இடங்களில் வேண்டுமென்றே பழுதான பகுதிகளை வைத்து வட்டை அச்சிட்டன.

இங்கே நமக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கடைகளில் ஐம்பது வட்டுகள் கொண்ட டப்பாவாக விற்ற சாதாரண வெற்று டிவிடிகளில், சாவி எழுதப்பட வேண்டிய அந்தத் தொடக்கப் பகுதி, பயனர் எழுத முடியாதபடி உற்பத்தியின்போதே அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே உசிலம்பட்டியிலோ மேலூரிலோ திருமங்கலத்திலோ இருந்த ஸ்டுடியோ, எவ்வளவு நல்ல கணினி வைத்திருந்தாலும், அந்த வெற்று டிவிடியில் சிஎஸ்எஸ் பூட்டைப் போட்டிருக்க முடியாது. ரிமோட்டில் அடுத்த காட்சிக்குத் தாவ முடியாமல் போவது, ஸ்டுடியோவின் பெயர்ப் பலகையைத் தாண்ட விடாமல் இருப்பது ஆகியவை மெனு தயாரிக்கும்போது வைக்கப்பட்ட கட்டுப்பாடுகளே. அவை பிளேயருக்கு இடும் கட்டளைகள் மட்டும்தான், தரவை மறைப்பதில்லை. வட்டு எந்த நாடுகளில் ஓட வேண்டும் என்று குறிக்கும் மண்டலக் குறியும் அப்படியே. இந்தியா 5-ஆம் மண்டலம். சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த படம் 3-ஆம் மண்டலத்தையும், துபாயிலிருந்து வந்தது 2-ஆம் மண்டலத்தையும் சேர்ந்ததாக இருக்கலாம். கணினி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதன் பிறகு கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும் என்பதால், வெளிநாட்டு வட்டைப் போட்டதும் கேட்கும் கேள்விக்கு யோசிக்காமல் சம்மதம் கொடுக்கக் கூடாது. ஆனால் வீட்டு விசேஷ வட்டுகளில் மண்டலம் என்ற பேச்சே இல்லை.

அச்சிட்ட வட்டையும் எழுதிய வட்டையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். வட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால், தொழிற்சாலையில் அச்சிட்டது சுத்தமான வெள்ளி நிறத்தில் இருக்கும். எழுதப்பட்ட டிவிடி ஊதா கலந்த நிறத்திலும், எழுதப்பட்ட சிடி பச்சை, நீலம் அல்லது பொன் சாயலிலும் இருக்கும். எழுதப்பட்ட வட்டில் தரவு முடியும் இடம் மெல்லிய வளையமாகத் தெரியும் என்பதால், எவ்வளவு பகுதி நிரம்பியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடலாம்.

சட்டத்தைப் பற்றியும் தெளிவாக இருப்பது நல்லது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். உங்கள் கல்யாண வீடியோவை நீங்கள் நகலெடுப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. திரைப்பட வட்டுகளின் நிலை வேறு: 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்துடன் பாதுகாப்புத் தொழில்நுட்பத்தைத் தகர்ப்பவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்க இடம் தருகிறது. அந்தப் பிரிவு எண்ணத்தை அடிப்படையாக வைத்து எழுதப்பட்டிருப்பது உண்மைதான். ஆனாலும் கடையில் வாங்கிய படத்தின் பூட்டை எடுக்கும் வழியை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அந்தப் படங்களை வேறு வழியில் திரும்பப் பெற்றுவிடலாம். உங்கள் தாத்தா மொய் எழுத உட்கார்ந்திருந்த காட்சிக்கு உலகத்தில் இருப்பது அந்த ஒரு வட்டும், சம்பந்தி வீட்டில் இருக்கக்கூடிய இன்னொன்றும்தான். நம் உழைப்பு அங்கேதான் செல்ல வேண்டும்.

பூட்டு இல்லையென்றால் நகலெடுப்பது ஏன் நிற்கிறது? முதன்மையான காரணம் வட்டின் மேனி. எழுதும் வட்டுகளில் தரவைத் தாங்குவது ஒருவகைக் கரிமச் சாயம். வெப்பமும் ஈரமும் வெயிலும் அதை மங்கச் செய்கின்றன. சித்திரை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊரில், தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் பரணில் ஆண்டுக்கணக்கில் கிடந்த வட்டு, பீரோவில் துணிகளுக்கு நடுவே இருந்ததைவிட மோசமாக இருப்பதில் வியப்பில்லை. அப்படிப்பட்ட இடத்தை டிரைவ் படிக்க முடியாதபோது, விண்டோஸ் ‘சைக்ளிக் ரிடண்டன்சி செக்’ என்ற பிழைச் செய்தியைக் காட்டி நின்றுவிடும். புரியாத இந்தச் செய்தியையே பலர் பூட்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது காரணம், எழுதி முடித்தபோது வட்டை இறுதிப்படுத்தாமல் (ஃபைனலைஸ் செய்யாமல்) விட்டது. கேமராவிலேயே நேரடியாகப் பதிவான 8 செ.மீ. சிறு டிவிடிகளில் இது அதிகம். அத்தகைய வட்டைக் கணினி காலியாகக் காட்டும். இதைப் பயன்படுத்தத் தயார்செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கவும் கூடும். அதற்கு ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. அந்தக் கேமரா இன்னும் வேலை செய்தால் அதிலேயே போட்டு இறுதிப்படுத்தலாம். இல்லையென்றால் ‘ஐசோபஸ்டர்’ என்ற மென்பொருள் இறுதிப்படுத்தாத வட்டுகளையும் படிக்கும். சிறு வட்டுகளைத் தட்டு வெளியே வரும் டிரைவில் மட்டுமே வைக்க வேண்டும். துளைக்குள் செருகும் வகை டிரைவில் போட்டால் மாட்டிக்கொள்ளும்.

இனி வேலைக்கு வருவோம். யுஎஸ்பி மூலம் இணைக்கும் வெளிப்புற டிவிடி ரைட்டர் ஒன்று போதும் என்றாலும், பழைய மேசைக் கணினியிலிருந்து கழற்றிய பெரிய டிரைவ் ஒன்றும் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு டிரைவ் படிக்க மறுத்த இடத்தை மற்றொன்று எளிதாகப் படித்துவிடும் என்பது இந்த வேலையில் அடிக்கடி காணும் உண்மை. அவற்றின் லென்சும், பிழை திருத்தும் திறனும் ஒன்றுபோல இருப்பதில்லை. வெளிப்புற டிரைவைக் கணினியின் யுஎஸ்பி துளையிலேயே நேரடியாகச் செருக வேண்டும். பிரிப்பான் (யுஎஸ்பி ஹப்) வழியாகக் கொடுத்தால் மின்சாரம் போதாமல் டிரைவ் திணறும்.

வட்டைத் துடைக்கும் முறையைப் பலரும் தவறாகவே செய்கிறார்கள். வட்டமாகச் சுற்றித் துடைக்காமல், நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில், பழகி மென்மையான பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். தரவு சுற்றுப்பாதையில் எழுதப்பட்டிருப்பதால், சுற்றுவாக்கில் விழும் சிறு கீறல் தொடர்ச்சியாகப் பல பிழைகளை உண்டாக்கும். குறுக்காக விழும் கீறலை டிரைவின் பிழை திருத்தம் தாண்டிவிடும். கைரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் போகாவிட்டால், வெதுவெதுப்பான நீரில் துளி பாத்திர சோப்புத் திரவம் கலந்து கழுவி, நிழலில் உலர விடலாம். பற்பசை தேய்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது தேய்ப்புப் பொருள், புதுக் கீறல்களைப் போடும். மணமக்கள் படம் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தால் அதை உரிக்கக் கூடாது. சிடி, விசிடிகளில் தரவு அடுக்கு மேற்புறப் பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால், ஸ்டிக்கரோடு சேர்ந்து அதுவும் பெயர்ந்து வந்துவிடும். டிவிடியில் தரவு, 0.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே பாதுகாப்பாக இருக்கிறது; ஆனாலும் உரித்தபின் எஞ்சும் பசை டிரைவுக்குக் கேடு.

அடுத்து நான் வலியுறுத்துவது, கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போடாமல், முழு வட்டையும் ஒரே ஐஎஸ்ஓ படிமமாக, அதாவது வட்டில் உள்ளதை அப்படியே பிரதியெடுத்த ஒற்றைக் கோப்பாக, எடுக்க வேண்டும் என்பதை. கோப்பாக நகலெடுக்கும்போது ஒரு பழுதான இடம் வந்தாலே அந்தக் கோப்பு முழுவதும் கைவிடப்படும். டிவிடியில் வீடியோ 1 ஜிபி அளவுள்ள துண்டுகளாக இருப்பதால், ஒரு சிறு கீறலுக்காக இருபது நிமிடக் காட்சி போய்விடும். வட்டு நல்ல நிலையில் இருந்தால் விண்டோஸில் ‘இம்ஜ்பர்ன்’ என்ற இலவச மென்பொருளே போதும். நிறுவும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வரும் பிற நிரல்களை வேண்டாம் என்று தவிர்த்து, வட்டிலிருந்து படிமம் உருவாக்கும் வாய்ப்பைத் தேர்ந்து, படிக்கும் வேகத்தைக் குறைவாக, 4 மடங்கு என்ற அளவில் வைத்துத் தொடங்குங்கள். இம்ஜ்பர்ன் பூட்டுள்ள வட்டுகளை எடுக்க மறுக்கும் மென்பொருள். அது மறுக்காமல் வேலையைத் தொடங்கினாலே உங்கள் வட்டில் பூட்டு இல்லை என்பது உறுதியாகிவிடும்.

சேதமான வட்டுக்கு ‘டிடிரெஸ்க்யூ’வுக்கு ஈடாக நான் வேறொன்றைச் சொல்ல மாட்டேன். இது குனூ திட்டத்தின் கட்டற்ற மென்பொருள், லினக்ஸில் ஓடும். உங்கள் கணினியில் விண்டோஸ் இருந்தால், அதைத் தொடாமலே, லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவைப் பென்டிரைவிலிருந்து துவக்கிப் பயன்படுத்தலாம். உபுண்டுவில் இதன் பொதியின் பெயர் ‘ஜிடிடிரெஸ்க்யூ’ (gddrescue). கட்டளையில் டிரைவின் பெயர், படிமக் கோப்பின் பெயர், வரைபடக் கோப்பின் பெயர் என்ற மூன்றையும் இதே வரிசையில் கொடுக்க வேண்டும்; டிவிடியில் தரவு பிரிக்கப்பட்டிருக்கும் மிகச் சிறிய அலகான துண்டம் (செக்டர்) 2048 பைட்டு என்பதால் அந்த அளவையும் தவறாமல் குறிப்பிட வேண்டும். முதல் சுற்றில், சிக்கலான இடங்களைச் சுரண்டிக்கொண்டிராமல் தாண்டிப் போகச் சொல்லுங்கள். நலமாக இருக்கும் பகுதி முழுவதும் வட்டுக்கு அதிக அலைச்சல் தராமல் முதலில் கைக்கு வந்துவிடும். இரண்டாம் சுற்றில், இயங்குதளத்தின் இடைச் சேமிப்பைத் தவிர்த்து வட்டை நேரே படிக்கும் நேரடி அணுகலை இயக்கி, விட்டுப்போன இடங்களை மட்டும் மூன்று முறை வரை முயலச் சொல்லுங்கள். எதை எடுத்தாயிற்று, எது பாக்கி என்பதெல்லாம் வரைபடக் கோப்பில் பதிவாகிக்கொண்டே இருப்பதால், நடுவில் மின்சாரம் போனாலும், கணினியை அணைத்துவிட்டு மறுநாள் தொடர்ந்தாலும் எடுத்தது எதுவும் வீணாகாது. வட்டைக் கழற்றி வேறொரு டிரைவில் போட்டு, அதே படிமத்தையும் அதே வரைபடக் கோப்பையும் கொடுத்தால், விட்ட இடங்களை மட்டும் அந்த டிரைவ் முயலும்.

இதன் மிகப் பெரிய பயன் நம் ஊர் வழக்கத்தோடு பொருந்தி வருகிறது. கல்யாண வீடியோ எழுதும்போது பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு செட் கொடுப்பது வழக்கம். ஸ்டுடியோவில் ஒரே படிமத்திலிருந்து இரண்டையும் எழுதியிருந்தால், இரு வட்டுகளிலும் ஒவ்வொரு துண்டமும் அதே இடத்தில் அச்சாக இருக்கும். உங்கள் வட்டில் எடுத்த படிமத்தையும் வரைபடக் கோப்பையும் வைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டு வட்டைப் போட்டு அதே கட்டளையை மீண்டும் கொடுத்தால், உங்கள் வட்டில் படிக்க முடியாத இடங்கள் அவர்கள் வட்டிலிருந்து நிரம்பும். இரு வட்டுகளும் ஒரே இடத்தில் பழுதாகியிருப்பது அரிது என்பதால், முழு வீடியோவும் குறையின்றித் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. செய்வதற்கு முன், இரண்டு வட்டுகளின் மொத்த அளவும், உள்ளே இருக்கும் கோப்புகளின் அளவுகளும் பைட்டு மாறாமல் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறுபட்டால் அவை தனித்தனியே தயாரிக்கப்பட்டவை, கலக்கக் கூடாது. முதல் படிமத்தை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு நகலின் மேல் இதைச் செய்வது பாதுகாப்பு.

விசிடிக்கு முறை சற்று மாறும். அதில் வீடியோ, டாட் (.DAT) என்ற வகைக் கோப்பாகத் தெரியும்; 352-க்கு 288 புள்ளிகள் கொண்ட எம்பெக்-1 வீடியோ அது. அதிக நேரம் பதிய வேண்டும் என்பதற்காக, இந்த வகையில் ஒவ்வொரு துண்டத்திலும் கூடுதல் பிழை திருத்தத்துக்கான இடத்தையும் வீடியோவுக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் அதே அளவு கீறலுக்கு விசிடி டிவிடியைவிட அதிகம் தடுமாறுகிறது. விண்டோஸில் அந்தக் கோப்பை அப்படியே நகலெடுத்து விஎல்சி பிளேயரில் ஓட்டலாம். இடையில் நின்றால் ஐசோபஸ்டரில், வீடியோச் சட்டங்களை (ஃபிரேம்களை) மட்டும் வடிகட்டி எடுக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸில் சாதாரணமாக நகலெடுத்தால் வட்டு நன்றாக இருந்தாலும் பிழை வரும். அதற்கு ‘விசிடிஇமேஜர்’ தொகுப்பில் உள்ள பிரித்தெடுக்கும் கருவி வேண்டும்.

படிமம் கைக்கு வந்தபின் அதைக் கைபேசியிலும் டிவியிலும் ஓடும் எம்பி4 ஆக மாற்ற ‘ஹேண்ட்பிரேக்’ நல்ல கருவி. ஐஎஸ்ஓ படிமத்தையே நேரடியாகத் திறக்கலாம்; 1 ஜிபி துண்டுகளைத் தனித்தனியாக மாற்றினால் இணைப்பில் ஒலி துள்ளும் என்பதால் அப்படிச் செய்ய வேண்டாம். தரத்தைக் குறிக்கும் ‘ஆர்எஃப்’ எண்ணை (குறையக் குறையத் தரம் கூடும்) 18 முதல் 20-க்குள் வையுங்கள். நம் ஊர் டிவிடிகள் 720-க்கு 576 புள்ளிகளும் வினாடிக்கு 25 சட்டங்களும் கொண்ட ‘பால்’ (PAL) எனும் தொலைக்காட்சி முறையில் இருப்பவை. கேமராவில் எடுத்தவை பெரும்பாலும் ஒரு சட்டத்தை இரண்டு அரைப்படங்களாகப் பின்னிப் பதிந்தவை. அந்தப் பின்னலைப் பிரிக்காமல் மாற்றினால், உறுமி மேளத்துக்கு ஆடுபவர்களின் கைகால்களைச் சுற்றிச் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரியும். பின்னல் பிரிக்கும் வடிகட்டியில் ‘பாப்’ (Bob) என்ற அமைப்பை எடுத்து, சட்ட வேகத்தை 50 என வைத்தால், அரைப்படம் ஒவ்வொன்றும் முழுச் சட்டமாகி, அசைவு அன்று டிவியில் பார்த்ததுபோலவே வழுக்கிக்கொண்டு ஓடும். அளவைப் பெரிதாக்கி எச்டி ஆக்க முயல வேண்டாம். இல்லாத நுணுக்கம் வந்துவிடாது, கோப்பு மட்டும் பெருக்கும். முகங்கள் அகலமாகத் தெரிந்தால், 4-க்கு 3 என்ற விகிதம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். எம்பி4 செய்த பிறகும் ஐஎஸ்ஓ படிமத்தை அழிக்கக் கூடாது. அதுதான் மூலம், மற்றது பார்வைக்கான நகல்.

ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. முழுதாக நிரம்பிய வட்டின் படிமத்தைப் பென்டிரைவில் போடும்போது, இடம் இருந்தும் கோப்பு பெரிதாக இருக்கிறது என்று மறுக்கப்படலாம். பழைய பென்டிரைவ்கள் ‘ஃபேட்32’ அமைப்பில் இருப்பதும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதும்தான் காரணம். ‘எக்ஸ்ஃபேட்’ அமைப்புக்கு மாற்றினால் தீரும். மாற்றும்போது உள்ளே இருப்பவை அழியும் என்பதால் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். நிலையாக வைக்கப் பென்டிரைவ் ஏற்றதன்று. இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் வைத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பினால் தரம் குலையும். ஆவணமாக இணைத்தால் 2 ஜிபி வரை அப்படியே போகும்.

யூடியூபில் ஏற்ற நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வீடியோ உங்களுடையது என்றாலும், ஊர்வலத்துக்கும் நலங்குக்கும் ஸ்டுடியோவில் பின்னணியாகச் சேர்த்த திரைப்பாடல்கள் இசை நிறுவனங்களுடையவை. ஏற்றிய உடனே தானியங்கிச் சோதனை அவற்றைக் கண்டுபிடித்து, உரிமைக் கோரிக்கையோ தடையோ வரும். இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் பட்டியலிடாத வீடியோவாக வைத்தாலும் இது நடக்கும். குடும்பத்தாருக்கு மட்டும் காட்டுவதென்றால், கோப்பை கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் ஏற்றி இணைப்பை அனுப்புவதே தொல்லையில்லாத வழி. பொதுவில் வைத்தே ஆக வேண்டும் என்றால், அசல் நாதஸ்வரமும் மேளமும் மட்டும் ஒலிக்கும் முகூர்த்தப் பகுதியைத் தனியாக வெட்டி எடுத்து ஏற்றுங்கள்.